போன் வராட்டி நல்ல ரத்தம்

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் டோமினிக்கைத் தெரியாதவங்க கம்மி. பாய்லர் பிளாண்ட்டில் வெல்டர். ரத்தம் ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. பெண்டாட்டி பிரான்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முகம் தெரியாத ஒன்பது பேர் அவளுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அவள் போய் ஆறு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் மாதா கோயில் ரத்த தான முகாமில் முதல் கட்டில் இவனுக்குத்தான். சாமியார் மைக்கில் பேர் சொல்லியே கூப்பிடுவார்.

இந்த வருஷமும் கூப்பிட்டார். எழுந்து போனான். போன காரணம்தான் வேறே.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஓசூரில் ஒரு பயிற்சி. அங்கே வந்த சுபலட்சுமியும் தனி ஆள்தான். ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு நீண்டது, பேச்சோடு நிற்கவில்லை. ஆணுறை வாங்கி வைத்துக்கொண்டா மனுஷர் பயிற்சிக்குப் போகிறார்கள்? அவள் மேல் ஒரு குறை சொல்ல அவனுக்கு வாயில்லை. ஆனாலும் ஊர் வந்த நாளாய் மனசில் ஒரு பயம் குந்திக்கொண்டது. புண் இல்லை, எரிச்சல் இல்லை. பயம் மட்டும் போகவில்லை.

பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. இருக்கா என்று சும்மாவே சோதித்துச் சொல்வார்கள். அந்த வராண்டாவில் பிளாண்ட் ஆள் எவனாவது பார்த்துவிட்டால்? அதனால் ஒரு கணக்குப் போட்டான். கொடுக்கிற ரத்தத்தை எப்படியும் சோதிப்பார்கள், கோளாறு இருந்தால் போன் வரும். போன் வராட்டி நல்ல ரத்தம். ஃபாரத்தில் 'பாதுகாப்பில்லாத உறவு உண்டா' என்ற கேள்விக்கு, எப்போதும் போல 'இல்லை' என்று டிக் அடித்தான்.

கொடுத்து முடித்து ஜூஸ் குடிக்கும்போது, லேப் பெண் லின்சி சிரித்துக்கொண்டே வந்தாள். மணப்பாறையிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்களாம், நாளைக் காலை ஆபரேஷன், இவன் வகை ரத்தம்தான் வேணுமாம், சரியான நேரத்துக்கு வந்தீங்கண்ணே என்றாள்.

"டெஸ்ட் பண்ணிட்டுத்தானே ஏத்துவீங்க?"

"பண்ணுவோம்ண்ணே. ஆனா புதுசா ஒட்டினது சில வாரத்துக்கு டெஸ்ட்லயும் சிக்காது. அதுக்குத்தானே ஃபாரத்துல அத்தனை கேள்வி."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தான். வாசலில் ரத்தப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அவனுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால்? பிரான்சிக்குக் கொடுத்த ஒன்பது பேரில் ஒருத்தன் இப்படிப் பொய் டிக் அடித்திருந்தால்?

ரத்த வங்கியின் கவுன்சலர் பேட்ரிசியா ஓரத்தில் திரை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் இவன் தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். அதுதான் கொடுமை. திரைக்குள் போய் நின்றான்.

"என் ரத்தப் பையை யாருக்கும் ஏத்தாதம்மா."

பேட்ரிசியா ஏன் என்று கேட்கவில்லை. பை நம்பரை வாங்கினாள், எழுந்து போய் வேனிலிருந்து அந்தப் பையைத் தனியே எடுக்கச் சொன்னாள், திரும்பி வந்த பிறகுதான் நாற்காலியைக் காட்டினாள். எத்தனை நாளாச்சு, உறை உண்டா, அவங்களுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா, மூணு நாளுக்குள்ளே எடுக்கிற தடுப்பு மருந்துக்குக் காலம் தாண்டிடுச்சே. ரேஷன் கார்டு விவரம் கேட்கிற குரல்தான். அந்தக் குரலில் அவனுக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு தடவை என்பதால் ஆபத்து கம்மி, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போ ஒரு டெஸ்ட், ஆறு வாரத்தில் ஒன்று, மூணு மாசத்தில் ஒன்று. நடுவில் ரத்தம் கொடுக்கக் கூடாது, உறை இல்லாமல் உறவும் கூடாது என்றாள்.

"அவ்வளவும் வீணாப் போச்சேம்மா."

"போகட்டும்ண்ணே. அந்தப் பொண்ணு பிழைக்கணும்ல."

பிழைக்க ரத்தம் வேணுமே. அவன் போனை எடுத்தான். ஓ நெகட்டிவ்காரர்கள் ஒருத்தரையொருத்தர் தெரிந்து வைத்திருப்பார்கள். ஸ்ரீரங்கம் உத்தர வீதி மாதவன் காவேரிப் பாலத்தைத் தாண்டி அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"என்ன ஓய், உம்ம ரத்தம் லீவு போட்டுடுத்தா?" என்றார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"மூணு மாசம் மெடிக்கல் லீவு சாமி," என்றான் டோமினிக். மாதவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார்.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனான். வராண்டாவில் பிளாண்ட் ஆள் ஒருத்தன் உட்கார்ந்துதான் இருந்தான். இரண்டு பேரும் சுவரில் ஒட்டியிருந்த கொசு நோட்டீஸையே படித்தார்கள். முதல் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் சுபலட்சுமிக்குப் போன் போட்டான். ஓசூருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. போன இடத்தையும் வந்த முடிவையும் மறைக்காமல் சொன்னான், அடுத்த தேதியையும் சொன்னான்.

"நானும் போன வாரம் இங்கே மையத்து வாசல் வரைக்கும் போனேங்க," என்றாள். "உள்ளே போகத் தைரியம் வரலை."

"நாளைக்குப் போங்க. நீங்க வெளியே வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

பஸ் வந்து, அவனை விட்டுவிட்டே போனது. அவள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.