பாலைவனத்துக்குப் போகாத ஒரெஸ்ட்

ஒரெஸ்ட் ஹ்னாட்யுக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அரிசோனாப் பாலைவனத்தில் புதிதாக ஓர் ஐஸ் ஹாக்கி அணி முளைக்கிறது. வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு ஆள் வேண்டாமா? பழைய அணிகள் கட்டாயம் வேண்டிய சிலரை மட்டும் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். மிச்சமிருப்பவர்களில் அணிக்கு ஒருவரைப் புதியவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். கனடாவின் சஸ்கட்டூன் அணிக்காகப் பல்லைப் பறிகொடுத்துத் தடுப்பாட்டம் ஆடிய ஒரெஸ்ட், அந்த மிச்சத்தில் கிடந்தான்.

"என்னை வேண்டாம்னு வாசல்ல வெச்சுட்டாங்க, கொலீன்," என்று மனைவியிடம் புலம்பினான்.

"தடுப்பாட்டத்துல மூணு பேரைத்தான் வெச்சுக்க முடியும். அவங்கல்லாம் சின்னப் பசங்க. உன் முழங்கால் லட்சணம் ஊருக்கே தெரியும்."

பாலைவனத்துக்காரர்கள் கேப்டனாக்க மூத்த ஆள் தேடுகிறார்கள் என்று ரேடியோவில் பேச்சு. போதாதா? ரோஷக்காரன் புல்வெளியில் இறைச்சி சுட்டு, தெருவுக்கே பிரிவு விருந்து வைத்துவிட்டான். அங்கே பனி ஏது என்று, பனி தள்ளும் மெஷினைப் பக்கத்து வீட்டு முர்டோவுக்குத் தாரை வார்த்தான்.

தேர்வு நாளில் டிவியில் சஸ்கட்டூனின் முறை வந்தது. கூப்பிட்ட பெயர் வேறொரு பொடியனுடையது.

ஒரெஸ்டின் முகம் சுண்டிப்போனது. வைத்துக்கொள்ளவும் ஆளில்லை, கொண்டுபோகவும் ஆளில்லை. இதைவிட அவமானம் வேறென்ன?

"விருந்து சாப்பிட்டவங்க முகத்துல எப்படி முழிக்கப்போற?" என்றாள் கொலீன்.

போன் அடித்தது. அணி மேலாளர் பார்டல்.

"டிவி பாத்தியா?"

"பாத்தேன். அவங்களுக்கும் நான் வேண்டாமாம்."

"யார் சொன்னது? முதல்ல உன்னைத்தான் கேட்டாங்க. கெஞ்சினேன், மசியல. அடுத்த வருஷம் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கறப்ப நமக்கு வர்ற முதல் வாய்ப்பையே தூக்கிக் குடுத்துட்டேன், உன்னைத் தொடக்கூடாதுன்னு. தேர்வு முடியறவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். முழங்காலைப் பாத்துக்கோ."

ஒரெஸ்டுக்குக் கண் கலங்கியது. கொலீனிடம் சொல்லிவிட்டு, நேரே வேலியோரம் ஓடினான்.

முர்டோ மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"முர்டோ, நான் எங்கயும் போகல! என்னை வெச்சுக்கறதுக்கு விலை குடுத்திருக்காங்கய்யா!" நடந்ததை ஒப்பித்தான். "அதனால, அந்த மெஷின்..."

"குடுத்தது குடுத்ததுதான். உனக்கு அவ்வளவு குடுத்தாங்களே, இதுக்கு நீ என்ன குடுப்ப?"

"இந்தப் பனிக்காலம் உங்க வாசலையும் நானே தள்றேன்."

"ரெண்டு பனிக்காலம்," என்றார் முர்டோ கறாராக.

அணியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரெஸ்டுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

"அஞ்சா வெச்சுக்கோங்க," என்றான்.