முதலாளியை மலை தாண்டிக் கொண்டுபோனது

குளிர்காலத்தில் நாய்களை விமானத்தில் ஏற்றுவதில்லை என்று விமானக் கம்பெனிப் பெண் போனில் சொன்னபோது, முதலாளி என் காலடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"சரக்கோட சரக்கா வெளியில நிக்க வேண்டி வரும் சார். குளிர்ல விறைச்சுப் போயிடும். மூணு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க," என்றாள். பரிவாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்று மாதம் எங்களிடம் இல்லை. என் மனைவி பல் டாக்டர். நாட்டின் அந்தக் கோடியில், கடலோர நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கே மாடி இருக்கிறதோ அங்கே எனக்குப் பிழைப்பு உண்டு. வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

முதலாளி என்பது எங்கள் நாய்க்கு என் மனைவி வைத்த பெயர். வெளியூரில் அறை எடுத்துப் படித்த காலத்தில், மழையில் நனைந்த செருப்புப் பெட்டிக்குள் கிடந்தவனைத் தூக்கி வந்தாளாம். வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், வேளா வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் வேலை செய்வதை அதிருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் மாப்பிள்ளையாகப் போனபோது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து சோபா முழுவதையும் பிடித்திருந்தான். நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு காபி குடித்தேன். இப்போது அவனுக்கு வயதாகிவிட்டது. மூக்கைச் சுற்றி நரை. பின்னங்கால்கள் காலையில் கொஞ்ச நேரம் சொன்ன பேச்சுக் கேட்காது.

"வேன்லதான் கூட்டிட்டு வரணும்," என்றாள் மனைவி. "நாலு நாள் ஆகும். தனியா வராதீங்க. அம்மாவும் இங்க வரணும்னு சொல்லிட்டு இருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"உங்கம்மாவுக்கும் நாய்க்கும் ஏழாம் பொருத்தமாச்சே."

"அம்மாவுக்கும் ஏரோப்ளேனுக்கும் எட்டாம் பொருத்தம். அதனால வருவாங்க."

வந்தார். என் மாமியார் தையல்காரர். ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்து, ஒற்றை ஆளாக மகளைப் பல் டாக்டர் ஆக்கியவர். பேச்சும் அவருடைய கத்திரி மாதிரிதான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கைமிஷினும், சுருட்டிக் கட்டிய சாம்பல் நிறக் கம்பளித் துணியும் கொண்டுவந்திருந்தார்.

"அவளுக்கு ஒரு கோட்டு தைக்கணும். கடையில விக்கிறதெல்லாம் அவ தோள்ல நிக்காது," என்று வேனில் ஏறித் துணியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, என் பெட்டிகளை எடுத்து முன் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே சுவர் மாதிரி அடுக்கினார். "அது அங்க. நான் இங்க. நடுவுல இது. சரியா மாப்பிள்ளை?"

"சரிங்க அத்தை."

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சுவரின் உச்சியில் ஒரு நரைத்த மூக்கு முளைத்தது.

"மாப்பிள்ளை, அது என் கழுத்துல மூச்சு விடுது."

"ரோட்டைப் பாத்துக்கிட்டு வர்றான் அத்தை."

"ரோட்டைப் பாக்கத்தான் நீங்க இருக்கீங்களே?"

தமிழில் நாயைப் பற்றி இத்தனை பழமொழி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவன் எழுந்து சுற்றிச் சுற்றிப் படுத்தால், "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல" என்பார். நான் அவனுக்கென்று மெத்தை விரித்தால், "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்ச கதைதான்" என்பார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, அவனுக்கு உறைத்ததா என்று லேசாகத் திரும்பிப் பார்ப்பார். அவன் கொட்டாவி விடுவான்.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் மனைவியிடமிருந்து போன் வரும். "முதலாளி சாப்பிட்டானா? நடுங்குறானா? மூக்கு ஈரமா இருக்கா?" எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, "அம்மாவுக்குக் கால் வீங்கலையே?" என்பாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட ஆள் வந்துவிடும், போனை வைத்துவிடுவாள்.

"உங்களைக் கேக்கவே இல்லையே மாப்பிள்ளை," என்றார் மாமியார், இரண்டாம் நாள்.

"நான் ஓட்டிட்டு வர்றேன்னு அவளுக்குத் தெரியும் அத்தை. வண்டி நகருதுன்னா நான் இருக்கேன்னுதானே அர்த்தம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் தெரிந்து என் முன்னால் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு கொஞ்ச தூரம் ஜன்னல் வழியாக வெள்ளை வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவ வெளியூர்ல படிச்சப்ப வாரத்துக்கு ஒரு தடவைதான் போன்," என்றார். "கடையைப் பூட்டிட்டு அதுக்காகவே உக்காந்திருப்பேன். பாதி நேரம் இது என்ன தின்னுச்சு, எங்க படுத்துச்சுங்கற பேச்சுதான். எம்மா, நீ என்ன தின்னே, எங்க படுத்தேன்னு நான் கேக்கறதுக்குள்ள காசு தீந்துடும்."

சுவருக்கு மேலே மூக்கு பெருமூச்சு விட்டது.

மூன்றாம் நாள் மலை தொடங்கியது. பனி உறையாமல் இருக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டியிருந்தார்கள். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் முதலாளியை இறக்கி நடத்தினேன். நாலடி வைத்தவன் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். விரல் இடுக்குகளில் பனி கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. தோல் வெடித்து, வெள்ளைத் தரையில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். உப்பு எரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சத்தம் போடவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்பது மாதிரி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

தூக்கினேன். தூக்க வரவில்லை. முன்பாதி வந்தால் பின்பாதி வழுக்கியது. வேனுக்குள் இருந்த மாமியார் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். இரண்டு பாட்டில் தண்ணீரை வெதுவெதுப்பாக வாங்கிவந்து, தள்ளி நின்றபடியே கையை நீட்டி அவன் கால்களில் ஊற்றினார்.

"உப்புப் போகட்டும் முதல்ல. என்ன மாப்பிள்ளை, வாயில்லா ஜீவனைச் செருப்பில்லாம நடக்க விட்டுட்டீங்களே?"

நாய்க்குச் செருப்பு உண்டு என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அன்று மதியம் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்தார். மேலே கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டதாம், நாளைக் காலைதான் திறப்பார்களாம். பக்கத்துச் சிற்றூரின் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் எல்லாரும் தங்கலாம் என்று வழிகாட்டினார். அங்கே போனபோது ஏற்கெனவே பத்திருபது குடும்பம் கம்பளியும் மூட்டையுமாக உட்கார்ந்திருந்தது. வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற தலைமையாசிரியை முதலாளியைப் பார்த்ததும் தயங்கினார்.

"மன்னிச்சுக்குங்க, நாயை உள்ள விட முடியாது. உள்ள ஒரு சின்னக் குழந்தை இருக்கு, நாய் ரோமம் பட்டாலே மூச்சுத் திணறுமாம். வேன்ல விட்டுட்டு வாங்களேன்."

நியாயமான பேச்சு. ஆனால் வேனில் எஞ்சினை அணைத்தால் அரை மணியில் உள்ளேயே பனி பூக்கும். "அத்தை, நீங்க உள்ள போங்க. நான் அவனோட வேன்ல இருந்துக்கறேன்," என்றேன்.

மாமியார் உள்ளே போகவில்லை. துணிச்சுருளைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பனி அவர் தலையில் விழுந்தது.

"அம்மா, நீங்க உள்ள வாங்க, குளிருது," என்றார் தலைமையாசிரியை.

"வர்றேம்மா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அது முக்கியம். ஆனா இந்தக் காலோட இதை ஐஸ் பெட்டிக்குள்ள போட்டுட்டு நான் மட்டும் உள்ள வந்து படுத்தா எனக்குத் தூக்கம் வராது. என் மருமகனும் விறைச்சுடுவாரு. பின்ன நான் யாரை வெச்சுக்கிட்டு ஊர் போய்ச் சேர்றது? இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு மூலை இருக்காதா? நீங்க யோசிங்க, நான் உக்காந்திருக்கேன்."

தலைமையாசிரியை யோசித்தார். சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடி எடுத்து, "பாய்லர் ரூம் இருக்கு. வழி தனி. கொஞ்சம் சத்தமா இருக்கும்," என்றார்.

"சத்தத்துக்கென்ன? நான் வாழ்நாள் பூரா மிஷின் பக்கத்துல இருந்தவ."

பாய்லர் அறை சின்னது. ஆனால் அந்த ஊரிலேயே அதைவிடச் சூடான இடம் இருந்திருக்காது. சுவரோரம் துடைப்பங்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்தன. நடுவில் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று உறுமியது. முதலாளி அதன் முன்னால் போய் விழுந்தான். அவன் ரோமத்திலிருந்து ஆவி எழுந்தது, கூடவே ஈர நாயின் வாடையும். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிற பெண்களின் தோளைப் பார்க்கிற அதே பார்வை.

கைமிஷினைப் பெஞ்சில் ஏற்றினார். கம்பளித் துணியைப் பிரித்தார்.

"அத்தை, அது கோட்டுத் துணி."

"அவளுக்கு வேற கோட்டு வாங்கிக்கலாம். இதுக்கு வேற காலு வாங்க முடியுமா?"

டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அங்கே நின்றுவிட்டார். அளவெடுக்க வேண்டுமென்றால் தொட வேண்டும். கை நீண்டது, திரும்பியது. "நீங்க பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை. வாயைப் பிடிங்க, வாயை."

நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மாமியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இரண்டு விரலால் அவன் காலைத் தொட்டார். அவனோ, கை கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். சின்ன வயதில் என் மனைவி பழக்கியது. காயம்பட்ட காலை அப்படியே தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தான். வைத்தவன் எடுக்கவுமில்லை.

மாமியார் அசையவில்லை.

"சூடா இருக்கு மாப்பிள்ளை," என்றார் மெல்லிய குரலில். "காலு இவ்வளவு சூடாவா இருக்கும்? ஏண்டா, வலிக்குதாடா?"

மூன்று நாளாக 'அது'வாக இருந்தவன் 'டா' ஆனதை நான் கவனித்தேன்.

அதன்பிறகு அவர் கடைக்கு வந்துவிட்டவர் மாதிரி ஆகிவிட்டார். நாலு காலுக்கும் அளவு. முன்னங்கால் அகலம், பின்னங்கால் ஒடுக்கம், இரண்டுக்கும் தனித்தனி வெட்டு. துணியை இரண்டு மடிப்பாக வைத்து, மிஷினின் ரெக்ஸின் உறையை வெட்டி அடிப்பாகத்துக்குக் கொடுத்தார். மேலே எலாஸ்டிக் நாடா. முதல் ஜோடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "நகம் இடிக்குது" என்று பிரித்துத் திரும்பத் தைத்தார். "எந்தக் கஸ்டமரும் இவ்வளவு பொறுமையா நின்னதில்ல, தெரியுமா? உங்க பொண்டாட்டி உட்பட."

தலைமையாசிரியை சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்தவர், கதவருகே நின்று, சாம்பல் நிறப் பூட்ஸ் போட்ட நாயைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மாமியார் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, நான் பார்க்காத நேரம் பார்த்து அவனிடம் நீட்டினார். நான் பார்த்தேன்.

மறுநாள் காலை பாதை திறந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிய முதலாளி, இரவல் செருப்பில் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி வைத்தான். பத்தடி போனதும் நம்பிக்கை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். கூடத்து ஜன்னல்களில் சின்ன முகங்கள் ஒட்டிக்கொண்டு கைதட்டின.

வேனில் பெட்டிச்சுவர் இல்லை. எப்போது பிரித்தாரோ. பெட்டிகள் பின்னால் போயிருந்தன, முதலாளி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வந்திருந்தான். இறக்கம் முழுவதும் வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மாமியார் ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் அவன் கழுத்துப் பட்டையையும் பிடித்துக்கொண்டார். நான் எதைப் பிடித்துக்கொள்வது என்று யாரும் கவலைப்படவில்லை.

கடலோர நகரத்துக்கு மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தெரு விளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டிருந்தன. என் மனைவி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடி வந்தாள். கதவைத் திறந்ததும் முதலாளி குதித்தான். அந்த வயதில் அவன் குதிப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் பனியில் மண்டியிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள், அவன் அவள் முகமெல்லாம் நக்கினான். அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

திடீரென்று அவளை உதறிவிட்டு வேனுக்கு ஓடி வந்தான். வீங்கிய காலோடு இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்துக் குரைத்தான். மறுபடி மனைவியிடம் ஓடினான், மறுபடி இங்கே வந்தான். பின்கதவைத் திறந்துகொண்டிருந்த என்னையும் ஒருமுறை சுற்றிவந்து முழங்காலில் முட்டினான். எங்கள் மூவரையும் அப்படிப் பிரித்து வைத்திருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வர்றேன்டா, வர்றேன். ஓடாதே, வழுக்கும்," என்றபடி மாமியார் ஒரு கையை என் தோளிலும் மறுகையை அவன் முதுகிலும் ஊன்றி இறங்கினார். மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "கால் எவ்வளவு வீங்கியிருக்கு பாரும்மா! அஞ்சு நாளும் சரியாச் சாப்பிட்டியா? எங்க படுத்தே?"

மாமியார் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். நான் பெட்டிகளை இறக்கத் தொடங்கினேன். முதலாளி எங்கள் மூவருக்கும் நடுவில், நடைபாதையின் மத்தியில், நாலு பூட்ஸையும் நீட்டிப் படுத்துவிட்டான். பிறகு அவனை எழுப்பி வீட்டுக்குள் கொண்டுபோக எங்கள் மூன்று பேர் பலமும் தேவைப்பட்டது.