காரை விட்டு இறங்காத கணக்கெடுப்பு

டெல்வின் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் ஒன்பது காலி. வங்கி ஜப்தி செய்து, குடியிருந்தவர்களை வெளியே தள்ளி, கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு அதோடு மறந்துபோன வீடுகள். ஆனால் காரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக்கூடக் காலி என்று சொல்லமாட்டார்கள். சொல்ல முடியாதபடி செய்து வைத்திருந்தாள் வெர்னெட்டா.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். அறுபது பிள்ளைகளை அதட்டியே அடக்கியவளுக்கு ஒரு தெருவை அடக்குவது பெரிய காரியமா? ஆளுக்கொரு காலி வீட்டைப் பிரித்துக் கொடுத்தாள். புல் வெட்ட வேண்டும், ஜன்னலுக்குத் திரை போட வேண்டும், வாசலில் சேரும் விளம்பரத் தாள்களை அள்ள வேண்டும். எதிர்வீட்டு ஓடெல் தன்னுடைய ஓடாத காரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு காலி வீட்டின் முன் நிறுத்தினார். பார்த்தால் யாரோ வேலை முடிந்து வந்து படுத்திருப்பது போலவே இருக்கும்.

எல்லாம் செம்புக் குழாய்களைக் காப்பாற்றத்தான். ஒஹையோ மாநிலத்தில் அந்த வருஷம் ஒரு வீடு காலி என்று தெரிந்தால் போதும், இரண்டே நாளில் அதன் குழாய்கள் காயலான் கடையில் கிடக்கும். பக்கத்துத் தெருவில் கதவுக் கைப்பிடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

வெர்னெட்டாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் வீட்டை ஒட்டிய அடுத்த வீடு. அதை அவள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை, தானே பார்த்துக்கொண்டாள். மகள் லட்ரீஸ் ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறையில் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். சுவரெல்லாம் பூஞ்சை, சின்னவளுக்கு ஓயாத மூச்சிழுப்பு. ஜப்தியால் சீரழிந்த பேட்டைகளைத் தூக்கி நிறுத்த வாஷிங்டன் மானியம் கொடுக்கப்போகிறது, காலி வீடுகளை நகராட்சியே வாங்கிப் பழுது பார்த்துக் குறைந்த விலைக்கு விற்கும் என்ற செய்தி வந்ததும், லட்ரீஸ் சனிக்கிழமை தோறும் வீடு வாங்குவோர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டாள்.

"பக்கத்துல வந்துட்டா தினமும் என்னை வேவு பாப்பியாம்மா?"

"நீ ராத்திரி என்ன சமைக்கிறேன்னு மோந்தே சொல்லிருவேன்டி."

செப்டம்பரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஹன்சிக்கர் என்ற நகராட்சி அதிகாரி சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார். மானியம் கிடைக்கும் தெருக்களெல்லாம் சிவப்பு. டெல்வின் தெரு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உங்க தெருவுல காலி வீடே இல்லைங்க. ரொம்ப சந்தோஷமான விஷயம்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"ஒன்பது இருக்குய்யா!" என்று எழுந்தாள் வெர்னெட்டா. "எப்படி எண்ணினீங்க?"

"கண்ணாடிக் கணக்கெடுப்பு மேடம். கார்ல போய்க்கிட்டே முன்கண்ணாடி வழியா பாத்துக் குறிச்சுக்குவோம். புல்லு வளந்து கிடக்கா, ஜன்னல்ல திரை இருக்கா, இப்படி."

"கதவைத் தட்டிப் பாத்தீங்களா?"

"அதுக்கெல்லாம் ஆள் ஏது மேடம்?"

"ஜப்தி ஆன வீட்டுப் பட்டியல் உங்ககிட்டயே இருக்குமே?"

"அது வேற இலாகா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெர்னெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வங்கி வெட்டாத புல்லை இவர்கள் முட்டி வலிக்க வெட்டினார்கள். அதற்குப் பரிசு இது. அழுக்காக விட்ட தெருவுக்கு மானியம், துடைத்து வைத்த தெருவுக்குப் பாராட்டு.

கூட்டம் கலைந்தபோது ஹன்சிக்கர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு தடவை எண்ணுவாங்க. வீடுங்க எல்லாம்... உள்ளபடி தெரிஞ்சா உங்களுக்கு நல்லது."

ஓடெலுக்கு இது பிடிக்கவில்லை. "சிஸ்டர் வெர்னெட்டா, புண்ணு இருக்குன்னு காட்ட நாமளே தோலை உரிக்கணுமா?"

"நாலே நாள்தான் பிரதர். வந்து எண்ணிட்டுப் போகட்டும், மறுநாளே திரையை மாட்டிருவோம்."

"நாலு நாள் நமக்குக் கொஞ்சம். திருடனுக்கு ரொம்ப ஜாஸ்தி."

ஆனாலும் அவர் சொல்லிவிட்டுக் காரை நகர்த்தத்தான் செய்தார். திங்கட்கிழமை திரைகள் இறங்கின. அடுத்த வீட்டுத் திரையை வெர்னெட்டாவே கழற்றி மடித்து எடுத்து வந்தாள். வெறும் கண்ணாடி வழியே கூடத்துச் சுவர் வரை தெரிந்தது. பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வியாழன் காலையில் காபி போடப் போனவளுக்குத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தன் குழாயைத் திருகிப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. ஓடினாள். அடுத்த வீட்டின் பின்கதவு பெயர்ந்து கிடந்தது. கீழே நிலவறையில் செம்பு ஒரு சாண்கூட மிச்சமில்லை. அறுத்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு, மூன்றாவது படிவரை ஏறியிருந்தது. வீட்டைச் சூடாக்கும் உலை முழுகிவிட்டது. போலீஸ் மூன்று மணி நேரம் கழித்து வந்து புகார் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

அன்று மாலை லட்ரீஸுக்குப் போன் செய்தாள். "அந்தத் திரையை நானே கழட்டினேன்டி. என் கையாலயே கழட்டினேன்."

வெள்ளிக்கிழமை கணக்கெடுப்புக் கார் வந்தது. வெர்னெட்டா வாசலில் நின்று கையைக் காட்டினாள். கார் நிற்கவில்லை. உள்ளே ஒரு பெண் தாளில் எதையோ குறித்தாள். தெருவைக் கடக்க ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம்.

நவம்பரில் கடிதம் வந்தது. டெல்வின் தெரு பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஓடெல் கையைத் தட்டினார். வெர்னெட்டா அடுத்த பத்தியைப் படித்தாள். அவள் பக்கத்து வீட்டின் பழுதுச் செலவு உச்ச வரம்பைத் தாண்டுகிறது. மானியப் பணத்தில் அது இடிக்கப்படும்.

"ஆபரேஷன் சக்சஸ், நோயாளி காலி," என்றார் ஓடெல். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்க சிஸ்டர்," என்றார்.

அவள் நகராட்சி அலுவலகத்துக்கு ஏழு தடவை போன் செய்தாள். குழாய் திருடு போனதே உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் என்றாள். அப்படி யாரும் எழுத்தில் சொல்லவில்லையே என்றார்கள். லட்ரீஸுக்கு வேறு வீடு கொடுங்கள் என்றாள். மற்ற எட்டும் இன்னும் வங்கியோடு பேச்சில் இருக்கின்றன, இடிப்பதற்குத்தான் முதலில் பணம் வந்திருக்கிறது என்றார்கள். லட்ரீஸின் வகுப்புச் சான்றிதழ் ஒரு வருஷத்தில் காலாவதியாகும் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

டிசம்பர் முதல் வாரம் இயந்திரம் வந்து, மதியத்துக்குள் வீட்டைக் குப்பையாக்கியது. லட்ரீஸ் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவின் அருகே நின்றாள். அவள் அழவில்லை. "சமையலறை பெரிசாத்தான் இருந்துச்சு," என்றாள், அவ்வளவுதான்.

நான்கு கார்கள் வரிசையாக வந்து நின்றன. ஹன்சிக்கரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள், தலையில் புத்தம் புதிய மஞ்சள் தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். ஒரு பெண் கேமராவைச் சரி செய்தாள். மானியம் வேலை செய்கிறது என்று வாஷிங்டனுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம்.

ஹன்சிக்கர் வேலியருகே வந்தார். "மிஸ் வெர்னெட்டா, நீங்க நடுவுல நிக்கணும். இந்தத் தெருவுக்காக முதல்ல குரல் கொடுத்ததே நீங்கதானே. கொஞ்சம் சிரிச்ச மாதிரி..."

வெர்னெட்டா ஒவ்வொருவரின் பூட்ஸாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற தன் பழைய குரலில் சொன்னாள்:

"இந்த வீடு நல்லா நின்னப்ப அதைப் பாக்க உங்கள்ல ஒருத்தருக்கும் காரை விட்டு இறங்க நேரமில்ல. இப்பப் பாருங்க, இடிச்ச பள்ளத்தைப் பாக்க எத்தனை பேரு இறங்கி நிக்கிறீங்க!"

கேமராப் பெண் கையைக் கீழே இறக்கினாள். லட்ரீஸ் அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.