பாடுறவன் எங்க நிக்கிறான்

காலையிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. படகில் ஓட்டுபவர் உட்காரும் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் தலையையும் ஒரு கையையும் விட்டால் இன்னொரு கைக்கு இடமில்லை. மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தால் இரும்பே வளைந்துபோகும். வயர்மேனுக்கு ஐம்பத்தாறு வயது. வெளியே வந்து பிடரியைத் தானே தேய்த்துக்கொண்டார். தேய்த்துவிட ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவள் தம்பி வேலைக்கு வராமல் நின்று ஒரு வருஷம்.

படகு ஒரு பல் டாக்டருடையது. ஞாயிற்றுக்கிழமை சுற்றிவருவதற்கென்று வைத்திருக்கிறார். அதில் இருந்த பழைய ஸ்பீக்கர் இரண்டும் உப்புக்காற்றில் ஊறி, ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி பாடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, நனைந்தாலும் கெடாத புது ஸ்பீக்கர் நான்கு, ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இருக்கைக்கு அடியில் தொம்தொம்மென்று அதிர ஒரு பெரிய ஸ்பீக்கர். பழைய வயரை உரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அத்தனையையும் உருவிப்போட்டுப் புது வயர் இழுத்தார். வயர் வேலையில் அவரை எவனும் குறை சொல்ல முடியாது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஐந்து மணிக்கு டாக்டர் வந்து உட்காருவார். பாட்டு இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். வயர்மேனுக்கோ வலது காது கேட்காது.

இது படகுத்துறையில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் பாட்டு வேலையை எவன் கொடுப்பான்? பதினாலு வருஷம் மச்சினன்தான் அவருக்கு வலது காதாக இருந்தான். இவர் பெட்டிக்குள் கிடந்து இரண்டு பக்கச் சத்தத்தையும் திருகிச் சமன் செய்ய, அவன் மேலே இருக்கையில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் மாமா, போதும் மாமா" என்பான். அந்தக் காது போனதற்குக் காரணமும் அவன்தான் என்பது குடும்பம் முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் வயர்மேன். தலையை உள்ளே விட்டிருந்தபோது முழுச் சத்தத்தில் போட்டுவிட்டானாம். பதினாலு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே அவனை வேலை வாங்கினார். போன வருஷம் அவன் மகள் கல்யாணத்தில், சம்பந்திகள் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"என் காதத் தின்னுட்டுத்தான் இந்தத் தொப்பை போட்டிருக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தான். மறுநாளிலிருந்து வரவில்லை. அதற்கப்புறம் வந்த முதல் பாட்டு வேலை இதுதான்.

மணி மூன்று. எல்லாம் இணைத்தாகிவிட்டது. வழக்கம்போல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுக்க ஏற்றி வைத்து, பாட்டில்லாமல் இரைச்சல் வருகிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் கரகரவென்றது. ஏதோ ஒரு முனை தளர்ந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் தலையை விட்டார். முனையை முடுக்கினார். சுவிட்ச் படகின் பின்னால் இருந்தது. நிழலுக்கு ஒதுங்கியிருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தச் சுவிட்சப் போடு!"

சொன்ன மாத்திரத்தில் கழுத்து வெட்டி இழுத்தது. "அம்மா" என்று தலையை வெளியே எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், படகே தூக்கிவாரிப் போட்டதுபோல் பாட்டு வெடித்தது. தட்டிலிருந்த ஆணிகள் துள்ளின. சுவிட்ச் போட்டதும் தானாகவே பாடத் தொடங்கும் பாட்டுப்பெட்டி அது. வயர்மேன் பாய்ந்து, இறக்காமல் விட்டிருந்த திருகைக் குறைத்தார்.

வாட்ச்மேன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா! நீ போடுன்ன, போட்டேன்!"

வயர்மேன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதே வார்த்தைதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், காதிலிருந்து ரத்தம் ஒழுக இவர் கத்தியபோது, மச்சினன் சொன்னான். "நீங்க போடுன்னீங்க, போட்டேன் மாமா." அன்றும் திருகை ஏற்றிவைத்தது யார்? இரைச்சல் பார்க்கிற பழக்கம் யாருடையது? மச்சினன் ஒருநாளும் திருகைத் தொட்டவனில்லை. தொட விட்டவரில்லை இவர்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்லண்ணே. இங்க வந்து உக்காந்து கேளு. ரெண்டு பக்கமும் சரியா வருதா?"

"அமோகமா இருக்கு."

"எந்தப் பக்கம் கூட?"

"எல்லாப் பக்கமும் கூடத்தான்."

இந்தக் காதை நம்பி டாக்டரை உட்கார வைக்க முடியாது. வயர்மேன் கரையில் இறங்கிப் போனை எடுத்தார். பெயரைத் தேட வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் அடியில் போயிருந்தது.

"சொல்லுங்க மாமா."

"சாப்பிட்டியா மாப்ள?"

"மணி மூணரை. எந்தச் சாப்பாட்டக் கேக்குறீங்க?"

"இல்ல… ஒரு படகு முடிச்சிருக்கேன். பக்கம் சரிபாக்கணும்."

"யார உக்கார வச்சிருக்கீங்க?"

"வாட்ச்மேன."

"அவருக்காவது காது கேக்குமா?"

"திருடன் வந்தா மட்டும் கேக்காது."

அந்தப் பக்கம் சிரிப்பு வரப் பார்த்து நின்றுபோனது.

"எந்தப் பக்கம் கூடன்னு கேட்டா எவனும் சரியாச் சொல்ல மாட்டான் மாமா. கண்ண மூடச் சொல்லுங்க. பாடுறவன் எங்க நிக்கிறான்னு விரல நீட்டச் சொல்லுங்க. விரல் ஸ்டியரிங்குக்கு நேரா வர்ற வரைக்கும் திருகுங்க."

"நீ அப்படித்தான் பண்ணுவியா?"

"பின்ன?"

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவனைத் தூங்குகிறான் என்று எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

"வேற மாமா?"

இடது காதில் அவன் மூச்சு கேட்டது. வயர்மேன் பிடரியைத் தேய்த்தார்.

"வேற… கழுத்துதான் புடிச்சிருக்கு."

"சுடுதண்ணி ஊத்துங்க. வச்சிரவா?"

"வை."

வாட்ச்மேன் கண்ணை மூடி விரலை நீட்டினார். விரல் படகைத் தாண்டி இடப்பக்கத் தண்ணீரைக் காட்டியது. "இங்க நிக்கிறான்யா. முங்கிருவான் போல!" வயர்மேன் திருகினார். விரல் மெல்ல மெல்ல நகர்ந்து படகுக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்கு நேரே வந்து நின்றது.

டாக்டர் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்து கேட்டார். "ஆளு எதிர்ல நின்னு பாடுற மாதிரி இருக்கே!" என்று வயர்மேனின் தோளில் தட்டிவிட்டுப் படகுக் கயிற்றை அவிழ்த்தார். பாட்டோடு படகு போனது. வாட்ச்மேன் கேட்டைப் பார்க்கப் போனார்.

வயர்மேன் பையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாட்டு தேய்ந்து தேய்ந்து, இருந்த ஒரு காதுக்கும் எட்டாமல் போயிற்று. போனை எடுத்தார். மச்சினன் பெயர் இப்போது மேலேயே இருந்தது. பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் காத நான்தான் கெடுத்துக்கிட்டேன், நீ இல்ல." இந்த ஒரு வார்த்தை மச்சினனுக்கு இன்னும் பாக்கி.