மாயவன் வாயில் வராத வார்த்தை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லாமல் ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பற்றிக்கொண்டு வரும்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற குப்பம்மா, ஒருநாள் தன் புருஷன் மாயவனையும் இழுத்து வந்தாள். மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் லைஃப் கார்டு வேலை. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதற்குள் நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும்.

"போன ஐப்பசில மீன் புடிக்கப் போனவரு ரெண்டு நாளு கரைக்கே வரல டீச்சரம்மா. என் உசுரு என்கிட்ட இல்ல. இந்த வேல கெடைச்சா கண்ணு முன்னால இருக்கும்," என்றாள்.

மாயவன் படு சூட்டிகை. ஃபால், சிங்க், ட்ரவுன் எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டன. மூன்றாம் நாள், கேப்சைஸ்.

"ஆள் விழுந்தா ஃபால். கேப்சைஸ் படகுக்கு. கவிழ்றது. எங்கே, ‘மை போட் கேப்சைஸ்டு’ சொல்லுங்க."

மாயவன் தரையைப் பார்த்தார். மறுபடி கேட்டேன். ம்ஹூம்.

"இதைத்தான் முதல்ல கேப்பாங்க! வேலை வேணுமா, வேண்டாமா?" என்று கத்தினேன்.

குப்பம்மா கூடையைப் பட்டென்று கீழே வைத்தாள். "கடலுக்குப் போற ஆளு தன் படவ அப்டி சொல்லுமா? இங்கிலீஷ்ல சொன்னா கடலுக்குப் புரியாதா?"

"இதெல்லாம் மூடநம்பிக்கை, குப்பம்மா."

"அய்ய! காலைல உன் வூட்டு சாரு வேலைக்குக் கெளம்பசொல்லோ ‘போறேன்’னாரு. ‘வரேன்னு சொல்லுங்க’ன்னு வாசல் வரைக்கும் ஓடினியே, அது இன்னாவாம்?"

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் இருவரும் இரண்டு சங்கரா மீனோடு வந்து நின்றார்கள்.

"நீங்க சொன்னதேதான் டீச்சர். ‘யுவர் போட் கேப்சைஸ், வாட் யூ டூ?’ன்னாரு மேனேஜரு," என்றார் மாயவன்.

"ஐயோ! நீங்க?"

"‘நோ சார். யுவர் போட் கேப்சைஸ். ஐ கம்மிங். ஐ டேக் யூ’ன்னேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். "அதுக்கு அவர்?"

"சிரிச்சுட்டாரு. ‘அப்போ யுவர் போட்?’னாரு. ‘மை போட், சார், டெய்லி கம்மிங் ஹோம்’னேன்."

ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம். குப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான்.

‘டெய்லி கம்மிங் ஹோம்’ தப்பு இங்கிலீஷ். என் வாயால் அதைத் திருத்த மாட்டேன்.