மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மகள் மூன்றாவது தடவையாக டெஸ்ட்டில் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்தாள். செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"மூணு தடவையும் நான் சரியாத்தாம்மா ஓட்டினேன். ஃபெயிலானது அப்பாவோட கால்!"

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வது? உண்மை அதுதானே. ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. டெஸ்ட்டின்போது அவர் முன்னால் உட்காருவார், அதிகாரி பின்னால். மாஸ்டர் அந்தப் பிரேக்கை மிதித்துவிட்டால் ஓட்டுகிறவர் ஃபெயில். பேச்சுக்கே இடமில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இடது எது வலது எது என்று தெரியாத மருந்துக்கடைக்காரரையே பாஸ் பண்ண வைத்தவர். அப்போதெல்லாம் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. பெற்ற பெண் வண்டியை எடுத்தால் மட்டும் அந்தப் பாழாய்ப்போன காலுக்கு என்னதான் வருமோ! முதல் தடவை சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது. சட்டென்று சிவப்பு விழுந்துவிட்டால் என்று மிதித்துவிட்டார். அடுத்த தடவை, ஓரமாக நின்ற லாரியின் கதவு திறந்துவிட்டால் என்று. அந்த லாரியில் ஆளே இல்லை. இன்றைக்கு அதுவும் கிடையாது. வெறும் ரோடு, ஒரு காக்காய்கூட இல்லை.

"எதுக்கு மாஸ்டர் மிதிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டதற்கு, "ஏதாவது வந்திருக்கலாம் சார்" என்று சொல்லிவைத்தார். அதிகாரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் காட்டலேன்னா வெளியூர்ல கிடைச்ச ஆம்புலன்ஸ் ஓட்டற வேலை வேற ஆளுக்குப் போயிடும்" என்றாள் மகள். "இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் நேரமிருக்கு. நான் பேசாம வேற ஸ்கூல் கார்ல போறேன்."

"போயேன்! போய் என் மானத்தை வாங்கு! அவன் வண்டில பிரேக்கே பிடிக்காது."

"அந்த மாதிரி வண்டிதாம்பா எனக்கு வேணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏங்க, அவ நல்லாத்தானே ஓட்டறா? அப்புறம் என்ன பயம்?" என்றாள் மனைவி.

"என்னைவிட நல்லா ஓட்டறா! அதுதானே இம்சை!" என்று கத்தினார் மாஸ்டர். "இங்கே நான் பக்கத்துல இருக்கேன். அங்கே, தெரியாத ஊர்ல, கொட்டுற மழையில, யாரையோ காப்பாத்தறேன்னு கண்ணுமண்ணு தெரியாம பறப்பா. பக்கத்துல யாரு? நாளைக்கு எனக்குக் கண்ணு மங்கிடும், உனக்கு முட்டி போயிடும். நாம ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

"சரி, இருக்கணும். அதுக்கெல்லாம் இன்னிக்கே பிரேக் போட்டா நின்னுடுமா?"

அந்தக் கேள்வி அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிரில் ஒரு எதிரி நின்றால் நாலு வார்த்தை திட்டலாம். வராத நாளை யார் போய்த் திட்டுவது? காலையில் கண் விழிக்கும்போதே அடுத்த வருஷம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நல்லதையே நினையுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதையும் செய்து பார்த்தார். மகள் பாஸ் ஆகிறாள், வேலை கிடைக்கிறது, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். நல்லதும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

வேறு காரில் போக மகளுக்கும் மனசு வரவில்லை. டெஸ்ட் அன்று, "அப்பா, தயவுசெஞ்சு..." என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். மாஸ்டர் ஷூவைக் கழற்றினார். சீட்டைப் பின்னால் தள்ளினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கி, சம்மணம் போட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், தியானமா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். கால் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"ஒரு அவசரம்னா?"

"ஹேண்ட் பிரேக் இருக்கு சார். கை பரவாயில்ல, சொன்னா கேக்கும்."

"அப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்தபடி மகள் வண்டியைக் கிளப்பினாள்.

சிக்னலில் தொடைக்கு அடியில் கால் துள்ளியது. அமுக்கிக்கொண்டார். கடைத்தெருவில் அதே இடத்தில் இன்றும் ஒரு லாரி! மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. திறக்கப் போகிறது, இதோ திறக்கப் போகிறது என்று கதவையே வெறித்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. ஆனால் கார் மெதுவாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது.

எதற்கு நிற்கிறாள்? திரும்பிப் பார்த்தார். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து, தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தான். மெத்தை மறைத்ததில் அவனுக்குக் கார் தெரியவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அவன் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது. அவன் கடந்து போகும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தாள். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை.

"பாஸ்" என்றார் அதிகாரி, இறங்கும்போது. "மாஸ்டர், காலைக் கீழே போடலாம்."

போட முடிந்தால்தானே! இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. மகள் சுற்றி வந்து கதவைத் திறந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கி, முட்டிக்குக் கீழே தேய்த்துவிட்டாள்.

"பயம் போயிடுச்சாப்பா?"

"எங்கே போகும்? அப்படியேதான் இருக்கு. காலைத்தான் மடக்கி வெச்சேன்."

அவள் அடுத்த காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை கிளம்பணும்பா."

"ம்."

"இந்த வண்டியிலயே போயிடலாமா? நான் ஓட்டறேன். நீங்களும் அம்மாவும் என்னை விட்டுட்டுத் திரும்பி வந்துடுங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போக அவள் ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "டெஸ்ட்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே நல்லா காலை நீட்டிக்கிட்டு உட்காருங்கப்பா."

"வேண்டாம், வேண்டாம்" என்று, இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபடியும் மடக்கிக்கொண்டார் மாஸ்டர். "நீ ஓட்டு."