ஆத்தாவுக்கு ஒரு லைட்டு

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்த பூவனலிங்கத்தின் கையில் முதலில் சிக்கியது நூல்தான். வயர்க் கட்டுக்குள் நூலுக்கு என்ன வேலை? விரலால் இழுத்துப் பார்த்தான். மஞ்சள் தடவிய நூல். மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. அது அவன் போட்ட முடிச்சு.

வெளியே பங்குனி வெயில். கழுகுமலைச் சாலையை ஒட்டிய கரிசல் காட்டில் பண்ணைக்குட்டை பாதி வெட்டியபடி கிடந்தது. மண் தோண்டும் செயின் வண்டி கரையில் வாளியை ஊன்றிக்கொண்டு நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வண்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் உண்டு. ஒன்று இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும், மற்றது கையையும் வாளியையும். பின்னல்போல முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகத்தான் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேச்சு அறுந்தால் திரையில் சிவப்பு எழுத்து வரும், இன்ஜின் முனங்கும், கை அசையாது. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், அரை மணி நேரத்தில் மறுபடி நிற்கும். இப்படி வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, மெக்கானிக்கின் உயிரை வாங்கிவிடும். கோவில்பட்டி வட்டாரத்தில் லேப்டாப்பை மாட்டி இதைக் கண்டுபிடிக்கப் பூவனலிங்கத்தை விட்டால் ஆளில்லை என்று பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் கிறுக்கும் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது.

போன வாரம் அந்தக் கிறுக்குதான் பேசியது. இரண்டு பெட்டிக்கும் பேச்சு இல்லை என்பதோடு லேப்டாப் நிறுத்திக்கொண்டது. எதனால் என்று அதுவா சொல்லும்? மீட்டரை எடுத்து அந்த இரண்டு வயருக்கும் நடுவே அளந்திருக்க வேண்டும். வயர்க் கட்டை அசைத்து அசைத்து அளந்திருக்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன்கூட முதலில் செய்கிற காரியம். இவன் செய்யவில்லை. இருக்கையில் ஈரத்தைப் பார்த்தான், பெட்டியின் மேல் தண்ணீர்க் கறையைப் பார்த்தான், முடிவு கட்டிவிட்டான்.

"கேபினத் தண்ணி விட்டுக் கழுவுனியாலே?" என்று ஆபரேட்டர் மாரிராஜைக் கேட்டான்.

"இல்ல அண்ணாச்சி. வெக்க தாங்காம ஈரத்துண்டத்தான் சீட்டுல விரிச்சேன்."

சுற்றிலும் ஆள் கூடியிருந்தது. காட்டுக்காரர், டிராக்டர்காரர்கள், வண்டி முதலாளி சண்முகராஜ். மாரிராஜ் ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பிள்ளை, அவன் அப்பா இன்றும் ஆடுதான் மேய்க்கிறார். பூவனலிங்கத்தின் நாக்கு சும்மா கிடக்குமா? "ஆட்டுக்குத் தண்ணி காட்டுத மாதிரி கம்ப்யூட்டருக்கும் தண்ணி காட்டிட்டான் அண்ணாச்சி!" அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரிராஜும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவைத்தான். சண்முகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாளையிலருந்து நீ வராண்டாம்லே" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு அவன் சாலை வரைக்கும் நடந்து போனதைப் பூவனலிங்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சென்னையிலிருந்து புதுப் பெட்டி வந்தது. இன்று காலையில் மாட்டினான். அரை மணி நேரத்தில் அதே சிவப்பு எழுத்து. அப்புறம்தான் இந்தத் துரைக்கு மீட்டர் ஞாபகம் வந்தது. வயர்க் கட்டை அசைத்தால் மீட்டரில் எண் குதித்தது. குதிக்கிற இடத்தைத் தேடித் தடவிக்கொண்டு போனபோதுதான் நூல்.

ஆயுத பூசை அன்று கட்டியது. மாரிராஜ் வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, கேபினுக்குள் செண்பகவல்லி அம்மன் படத்தையும் மாட்டியிருந்தான். "அண்ணாச்சி, ஆத்தாவுக்கு ஒரு லைட்டு போட்டுக் குடுங்களேன். இருட்டுல வேல பாக்கையில தொணையா இருக்கும்" என்றான். கேட்ட விதத்தில் மறுக்க மனசு வரவில்லை. வயர்க் கட்டைப் பிளேடால் கீறிப் பிரித்து, கரண்ட் வயரில் சின்ன பல்பைச் சேர்த்தான். டேப் தீர்ந்துபோயிருந்தது. பூசை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? தேங்காய் உடைக்க நேரமாகிறது என்று கீழேயிருந்து சத்தம் வேறு. தோரணத்துக்காக மஞ்சளில் நனைத்து வைத்திருந்த நூலில் ஒரு முழம் அறுத்து மாரிராஜ்தான் நீட்டினான். நாளைக்கு வந்து டேப் சுற்றிக்கொள்ளலாம் என்று கட்டிவிட்டு இறங்கினான். அந்த நாளை வரவேயில்லை. குலுங்கிக் குலுங்கி நூல் தளர்ந்து, அன்றைக்குப் பிளேடு பட்ட பேச்சு வயர் இத்தனை மாதமும் இரும்பில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

சீ என்றிருந்தது. நூலை அறுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். பல்பைக் கழற்றினான். வயர்களை மறுபடி முறுக்கி, உறை மாட்டி, டேப் சுற்றினான். வண்டி கிளம்பியது. வயர்க் கட்டை எப்படி உலுக்கியும் பேச்சு அறுபடவில்லை. கீழே இறங்கியவனைச் சண்முகராஜ் தோளில் தட்டினார்.

"லிங்கம்னா லிங்கந்தான்! என்னப்பா இருந்துச்சு?"

"ஒரு வயரு உரசல் அண்ணாச்சி."

"அந்தப் பய ஊத்துன தண்ணியில ஊறிப்போயிருக்கும், அதான?"

பூவனலிங்கம் "ம்" என்றான். ஒரே எழுத்து. சொன்ன பிறகு அதைத் திருப்பி விழுங்க முடியவில்லை. சண்முகராஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனார். ஆட்டுக்குத் தண்ணி காட்டின கதையை யாருக்கோ சொல்லிச் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாரிராஜ் பைக்கில் வந்து இறங்கினான், தூக்குவாளியையும் அம்மன் படத்தையும் எடுத்துப் போக. இன்ஜின் சத்தம் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்கப் பூவனலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

"சரியாயிட்டா அண்ணாச்சி? நல்லதாப் போச்சு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். துண்ட நல்லாப் பிழியாம விரிச்சிருக்கேன். தப்பு எம்மேலதான். ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னு எங்க அய்யாவும் சொல்லுதாவ."

கேபினுக்குள் ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். "ஆத்தா லைட்ட எடுத்துட்டியளா?"

"எடுத்துட்டேன்" என்றான் பூவனலிங்கம். வாயை மூடிக்கொண்டால் போதும், இவன் போய்விடுவான். தண்ணி காட்டினவன் என்ற பேரும் இவனோடேயே எல்லா முதலாளி வாசலுக்கும் போகும். இனி எந்த வண்டியின் சாவி இவன் கைக்கு வரும்?

"அண்ணாச்சி, செத்த இங்கன வாங்க" என்று சண்முகராஜைக் கூப்பிட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. பைக்குள் கையை விட்டு நூலை எடுத்து மூடிக்கொண்டான். விரலிடுக்கில் அதன் நுனி தெரிந்தது. மாரிராஜ் அதைப் பார்த்தான். அவன் மஞ்சளில் நனைத்த நூல், அவனுக்குத் தெரியாதா? நூலைப் பார்த்தவன் கேபினைப் பார்த்தான், பிறகு பூவனலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான்.

"யாரு, தண்ணி காட்டுனவனா?" சண்முகராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். மாரிராஜ் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எதுக்கு லிங்கம் கூப்ட்ட?"

போகட்டும் அண்ணாச்சி என்று மாரிராஜே ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று பூவனலிங்கம் அவனைப் பார்த்தான். அப்படிப் பார்த்ததற்கும் சேர்த்து வெட்கினான். மாரிராஜ் அம்மன் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான்.

பூவனலிங்கம் கையை விரித்தான். வியர்வையில் நனைந்து, நூலின் மஞ்சள் உள்ளங்கையெல்லாம் இறங்கியிருந்தது.